அறுத்தாலும் முளைக்கும் கடல் சாமந்தி
(தொலைக்காட்சி மன்றமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய மன்றத்திற்குத் தரப்பட்ட பொருள், ‘இழந்தது மீளுமா?’ என்பது. முதலில் பேசிய அம்மையார் இழந்த மொழியைப் பற்றிப் பேசினார். அடுத்துப் பேசிய நண்பர் இழந்த செல்வத்தைப் பற்றிப் பேசினார். நான் பல ஆண்டுகள் பள்ளியில் உயிரியல் கற்றுக்கொடுத்தவன். எனக்குத் தெரிந்தது உடம்பு மட்டும்தான். ஆகவே இழந்த உறுப்பைப் பற்றிப் பேசுகிறேன்.

இதைப் பேச எனக்கு ஒரு காரணமும் உண்டு. என் மூத்த அண்ணனுக்கு நீண்ட நாளாக நீரிழிவு. காலணிக்குள் கிடந்த சிறு கல் குத்தியது அவருக்குத் தெரியவில்லை. நரம்பு மரத்துப்போன கால் அது. புண் பழுத்து, கடைசியில் இடது காலில் 2 விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. வீட்டுக்கு வந்த சில வாரங்களில், நான் பழைய பாடக் குறிப்புகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். அதில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு அண்ணன் கேட்டார்: “ஏன் தம்பி, இந்தக் கடல் பூவை ரெண்டாக வெட்டினாலும் முளைக்கும்னு எழுதியிருக்கியே. அதுக்கு முளைக்குது, எனக்கு ஏன் முளைக்கமாட்டேங்குது?”

மாணவர்கள் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறார்கள். இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை. இன்று சொல்லிப் பார்க்கிறேன்.

அந்தக் கடல் பூவுக்குத் தமிழில் கடல் சாமந்தி என்று பெயர். பெயரில்தான் பூ, உண்மையில் அது விலங்கு. நம் நேயர்களில் பலர் புலாவ் உபினுக்குப் போயிருப்பீர்கள். அங்கே செக் ஜாவா கரையில் நீர் வற்றும் நேரத்தில் மணலோடு மணலாக விரிந்து கிடக்கும் கம்பளச் சாமந்தியைப் பார்த்திருக்கலாம். சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக்கூட இருக்கும். அதற்கு எலும்பு இல்லை, இரத்தம் இல்லை, மூளை இல்லை. வலைபோல் பரவிய நரம்பு மட்டும் உண்டு. உடம்பு ஒரு பை. பையின் வாயைச் சுற்றிக் கொட்டும் தன்மையுள்ள கைகள். உண்பதும் அந்த ஒரே வாய் வழிதான், கழிவை வெளியேற்றுவதும் அதே வழிதான். கேட்க அருவருப்பாக இருக்கும். ஆனாலும் பல கோடி ஆண்டுகளாக அது அப்படியே வாழ்ந்துகொண்டிருக்கிறது.

இதன் சுற்றத்தில் ஒரு சிறு நன்னீர் உயிர் உண்டு. ஹைட்ரா என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். 1740ஆம் ஆண்டு வாக்கில் நெதர்லாந்தின் ஹேக் நகரில் ஒரு பிரபுவின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ஆபிரகாம் திரெம்ப்ளே என்பவருக்கு, குளத்து நீரில் கண்ட இந்த உயிர் செடியா, விலங்கா என்று சந்தேகம் வந்தது. வெட்டிப் பார்ப்போம், துளிர்த்தால் செடி, செத்தால் விலங்கு என்று நினைத்தார். வெட்டினார். இரண்டு துண்டுமே முழு உயிராயின. ஆனால் அது நகர்ந்தது, இரை பிடித்தது. அப்படியானால் அது விலங்குதானே? விலங்கும் துளிர்க்கும் என்று 1744ல் அவர் நூல் வெளியிட்டபோது ஐரோப்பாவே வியந்தது. வீட்டு ஆசிரியர் ஒருவர் செய்த வேலை என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

அதன் பிறகு பிரான்சின் லெ ஆவ்ர் கடற்கரையில் திக்மார் என்ற பாதிரியார் கடல் சாமந்திகளையே வெட்டிப் பார்த்தார். கைகளை வெட்டினார், முளைத்தன. அவர் எழுதியனுப்பிய கட்டுரையை 1773ல் லண்டன் அரச கழகம் தன் ஏட்டில் வெளியிட்டது. ஆக, இது நேற்றுத் தெரிந்த செய்தி அல்ல, ஏறத்தாழ 250 ஆண்டுப் பழைய செய்தி. எப்படி முளைக்கிறது என்பதுதான் அண்மைக் காலத்தில் விளங்கத் தொடங்கியிருக்கிறது.

அதை விளக்க உதவிய உயிர் மிகச் சிறியது. நெமட்டோஸ்டெல்லா என்று பெயர். விரல் நுனியில் வைக்கலாம். கடலும் ஆறும் கலக்கும் உப்புச் சேற்றில் புதைந்து, கைகளை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இங்கிலாந்தின் வைட் தீவில் கிடைத்ததை வைத்து 1935ல் இதற்குப் பெயரிட்டார்கள். ஆனால் இதன் பூர்வீகம் அமெரிக்காவின் அட்லாண்டிக் கரை. ஆய்வுக்கூடக் கிண்ணத்தில் உப்பைக் குறைத்த கடல்நீரில் வைத்து, சிறு இறால் குஞ்சுகளைப் போட்டால் போதும், வளரும். யாரும் கத்தி எடுக்காவிட்டாலும் அது சில வேளை தன் அடிப்பகுதியைத் தானே இறுக்கிக் கிள்ளி இரண்டாகிவிடும். வெட்டுப்படுவது அதற்கு ஒரு விபத்து மட்டுமல்ல, பிள்ளை பெறும் வழிகளில் ஒன்று. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இப்போது அதைக் குறுக்கே வெட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். மேல் துண்டில் வாயும் கைகளும் போய்விட்டன. மிஞ்சியது வாயில்லாத, கையில்லாத அடித்துண்டு. சுமார் 6 மணி நேரத்தில் வெட்டுவாய் மூடிக்கொள்கிறது. இதற்குப் புதிய உயிரணுக்கள்கூடத் தேவையில்லை. இருக்கும் தோல் இழுத்துக்கொண்டு மூடுகிறது. அதன் பிறகுதான் உயிரணுக்கள் பெருகத் தொடங்குகின்றன. இரண்டு மூன்று நாளில் வெட்டின் விளிம்பில் சிறு மொட்டுகள் தெரியும். அவைதான் கைகள். உள்ளே தொண்டைக் குழாய் உருவாகிறது. 6, 7 நாளில் வாய் திறக்கிறது, இரை கேட்கிறது. இத்தனை நாளும் அதற்குச் சாப்பாடு கிடையாது. வாயே இல்லையே! தன் உடம்பில் இருப்பதைக் கொண்டே தன்னைக் கட்டிக்கொள்கிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி ஒன்று உண்டு. வெட்டிய இடத்தில் தலை வேண்டுமா, அடி வேண்டுமா என்பது அதற்கு எப்படித் தெரிகிறது? நடுவில் வெட்டினால் மேல் துண்டு அடியை வளர்க்கிறது, அடித்துண்டு வாயை வளர்க்கிறது. வெட்டுவாயின் இரண்டு பக்கமும் ஒரு நொடிக்கு முன் ஒட்டியிருந்த ஒரே தசைதான். மூளை இல்லாத பிராணி இது. முகவரி எங்கே எழுதியிருக்கிறது?

உயிரணுக்களிடையே போய்வரும் ஒரு சமிக்ஞை இருக்கிறது, விண்ட் என்று சொல்வார்கள். அது ஓங்கும் பக்கம் வாய்ப்பக்கம். 2011ல் வெளிவந்த ஓர் ஆய்வில், இந்தச் சமிக்ஞையைத் தூண்டும் ஒரு மருந்தைக் கொடுத்தார்கள். அடி வளர வேண்டிய வெட்டிலும் வாயும் கைகளும் வளர்ந்தன. இரண்டு முனையிலும் தலை! விந்தை என்னவென்றால், இதே விண்ட் நம்மிடமும் இருக்கிறது. தாயின் வயிற்றில் நாம் கருவாக இருந்தபோது, எது தலைப்பக்கம், எது கால்பக்கம் என்று பிரித்ததில் அதற்கும் பங்கு உண்டு.

மற்றொன்று. அடித்துண்டு என்றால் எந்தத் துண்டும் முளைக்கும் என்று எண்ண வேண்டாம். பையின் உள்ளே நீளவாக்கில் மடிப்புகள் தொங்குகின்றன. செரிப்பதும் முட்டை உண்டாவதும் அவற்றில்தான். அந்த மடிப்புகள் இல்லாத கடைசி நுனியை மட்டும் வெட்டி வைத்தால், புண் ஆறுகிறது, ஆனால் தலை முளைப்பதில்லை. பிரான்சின் நீஸ் நகர ஆய்வாளர்கள் கண்டது இது. உள் மடிப்பு எழுந்து வந்து வெட்டுவாயின் தோலைத் தொட வேண்டும், அப்போதுதான் வேலை தொடங்குகிறது. புண் ஆறுவது வேறு, உறுப்பு முளைப்பது வேறு. நான் இவ்வளவு நேரம் சொன்னதில் இந்த ஒன்றை மட்டும் வீட்டுக்கு எடுத்துச் சென்றாலும் எனக்குப் போதும்.

கைகளின் எண்ணிக்கையும் விதிப்படி இல்லை. குட்டி நெமட்டோஸ்டெல்லாவுக்கு 4 கைகள். நன்றாகத் தின்றால் மேலும் முளைத்து 16 வரை போகும். தீனி நின்றால் கை முளைப்பதும் நின்றுவிடும். நமக்கு அப்படி இருந்தால் விருந்துக்குப் போய்வந்தவர்களை அடையாளம் காண்பது எளிதாக இருக்கும்! 2025ல் ஹைடல்பர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வுக்கூடத்தினர் இன்னொன்றையும் காட்டினார்கள். காயம் பட்ட இடம் மட்டும் வேலை செய்வதில்லை. வெகு தொலைவில் இருக்கும் பகுதியும் மாறுகிறது. முழு உடம்பும் தன்னைத் திருத்திக்கொண்டு, உருவம் சிறுத்தாலும் அளவுப் பொருத்தம் கெடாமல் பார்த்துக்கொள்கிறது. அதாவது அது இழந்த பாகத்தை மட்டும் ஒட்டவைத்துக்கொள்ளவில்லை. தன்னையே மறுபடி கட்டுகிறது.

சரி, அண்ணன் கேள்விக்கு வருவோம். அதற்கு ஏதோ தனி மரபணு இருக்கிறது, நமக்கு அது இல்லை, அதனால்தான் என்று சொல்லிவிடலாமா? நானும் ஒரு காலத்தில் வகுப்பில் அப்படித்தான் சொன்னேன். 2007ல் நெமட்டோஸ்டெல்லாவின் மரபணுத் தொகுதியை முழுமையாகப் படித்து வெளியிட்டார்கள். சுமார் 18,000 மரபணுக்கள். அவற்றின் அமைப்பைப் பார்த்தால் ஈயையும் உருளைப்புழு போன்றவற்றையும்விட அது மனிதனோடு நெருங்கி நின்றது. கருவிகள் பெரும்பாலும் பொதுவானவை. பட்டறை மூடப்படுகிறதா இல்லையா என்பதில்தான் வேறுபாடு.

கடல் சாமந்தியின் பட்டறை மூடப்படுவதில்லை. நார்வேயின் பெர்கன் நகர ஆய்வாளர்கள் 2024ல், முதிர்ந்த நெமட்டோஸ்டெல்லாவுக்குள் பல வகை உயிரணுக்களாக மாறக்கூடிய மூல உயிரணுக்கள் இருப்பதை எடுத்துக்காட்டினார்கள். வளர்ந்து முடிந்துவிட்டது என்ற நிலையே அதற்கு இல்லை. ஸ்காட்லாந்தில் 1828ல் சர் ஜான் டாலியெல் என்பவர் கடற்கரையில் ஒரு கடல் சாமந்தியை எடுத்துக் கண்ணாடிச் சாடியில் வளர்த்தார். அவர் 1851ல் காலமானார். சாடி கைமாறிக் கைமாறிப் போனது. ‘பாட்டி’ என்று செல்லப் பெயர். எத்தனையோ குட்டிகளை ஈன்றது. 1887ல் பாட்டி இறந்தபோது ஸ்காட்ஸ்மன் நாளிதழ் இரங்கற் செய்தி போட்டது. மனிதருக்குத்தான் அப்படிப் போடுவார்கள். 59 ஆண்டு சாடியில் இருந்திருக்கிறது. அதற்கு முன் கடலில் எத்தனை ஆண்டு இருந்ததோ!

நம் கதை வேறு. நாம் வளர்ந்து முடிக்கும் உயிர். வெட்டுப்பட்டால் முதலில் இரத்தம் போகும், அழுக்கு ஏறும். விரைவில் அடைக்க வேண்டும். அவசரத்தில் தழும்பு போட்டு மூடிவிடுகிறோம். தழும்பு விழுந்த இடத்தில் கட்டடம் எழுவதில்லை. இதற்கு இன்னும் பல காரணங்கள் சொல்கிறார்கள், அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. ஆனால் முற்றிலும் மூடிவிட்டதா என்றால் அதுவும் இல்லை. இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் சிறுவர்களைக் கவனித்த மருத்துவர் சிந்தியா இல்லிங்வொர்த் 1974ல் ஒரு கட்டுரை எழுதினார். கதவிடுக்கில் சிக்கி விரல் நுனி போன சிறு பிள்ளைகளுக்குத் தைக்காமல், சுத்தமாகக் கட்டுப்போட்டு விட்டதில், நுனி நகத்தோடு மறுபடி வளர்ந்திருந்தது. கடைசிக் கணுவுக்கு அப்பால் போனால்தான் அப்படி. இதைக் கேட்டுவிட்டு யாரும் வீட்டில் வைத்தியம் பார்க்காதீர்கள், அது மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது. கல்லீரலையும் சொல்லலாம். ஒரு பகுதியை வெட்டி மகனுக்குத் தந்த தாய்க்கு மீதிக் கல்லீரல் பருத்து ஏறத்தாழப் பழைய அளவுக்கு வரும். வெட்டிய மடல் முளைப்பதில்லை. இருப்பது பெருக்கிறது.

முன்னேற்றமும் இருக்கிறது. 2022ல் அமெரிக்காவில், கால் வளர்க்கத் தெரியாத முதிர்ந்த தவளைகளின் வெட்டுவாயில் 5 மருந்துகள் கலந்த ஒரு சிலிக்கோன் மூடியை 24 மணி நேரம் மட்டும் வைத்தார்கள். 18 மாதத்தில் காலைப் போன்ற ஒன்று வளர்ந்தது. முழுக் கால் அல்ல, ஆனால் தவளை அதைப் பயன்படுத்தி நீந்தியது. தவளைக்கு 18 மாதம். மனிதக் காலுக்கு எத்தனை ஆண்டு ஆகும், அதுவரை அந்தப் புண்ணை எப்படிக் காப்பது என்று யோசித்துப் பாருங்கள்.

நேயர்களே, நான் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. கேள்வி கேட்ட சில நாளில் அண்ணன் ஒரு குப்பியைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். ‘மூல உயிரணு’ மாத்திரை. ஒருவர் வீட்டுக்கே வந்து விற்றுவிட்டுப் போயிருக்கிறார். கடல் உயிரினங்களின் இரகசியம் என்று தாளில் அச்சடித்திருந்தது. என் பாடக் குறிப்பில் இருந்த அதே படம்! ஒரு மாதத்துக்கு ஆன செலவை இங்கே சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. பணம் போனால் போகட்டும். அண்ணன் அந்த மாதம் புண்ணுக்குக் கட்டுமாற்றப் பலதுறை மருந்தகத்துக்குப் போகவில்லை. “அதுதான் முளைக்கப் போகுதே” என்றார். மருத்துவமனையில் மறுபடி சேர்த்தபோது புண் காலின் அடிப்பக்கம்வரை பரவியிருந்தது.

அப்போதுதான் நான் உட்கார்ந்து அவருக்கு விளக்கினேன். “அண்ணே, அந்தப் பிராணிக்குள்ளே இருக்கிற மூல உயிரணு, அதோட உடம்பிலேயே, அதோட வரைபடத்தோட இருக்கு. அதைப் பொடியாக்கி விழுங்கினா வயித்துல செரிச்சுப் போகும், இறால் சாப்பிட்ட மாதிரிதான். இறால் சாப்பிட்டா நமக்கு மீசை முளைக்குதா?” அண்ணன் சிரித்தார். பிறகு நெடுநேரம் பேசாமல் இருந்தார். “அப்போ முளைக்காதுன்னு சொல்றே” என்றார். “முளைக்காது அண்ணே. ஆனா புண் ஆறும்” என்றேன். புண் ஆறுவது வேறு என்று சற்று முன் சொன்னேனே, அது அவருக்குச் சொன்னதுதான். ஆறுவதற்கு இரத்தம் ஓட வேண்டும், சர்க்கரை அடங்க வேண்டும், கட்டு மாற்ற வேண்டும். அண்ணனுக்கு ஆறியது. 5 மாதம் பிடித்தது. 3 விரல் மிச்சம்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கடல் சாமந்தி சாகாவரம் பெற்றது என்று நினைத்துவிடுவீர்கள். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜோகூரில் பெய்த கனமழை நினைவிருக்கும். ஊர்களே மூழ்கின. அந்த வெள்ளம் ஆற்று வழியே வந்து செக் ஜாவா நீரின் உப்பைக் கரைத்தது. கம்பளச் சாமந்திகள் கூட்டமாக மடிந்தன. எத்தனை கூர்மையான கத்தியையும் தாங்கும் உடம்பு, உப்பு குறைந்த நீரைத் தாங்கவில்லை. அங்கு பிற்பாடு கம்பளச் சாமந்திகள் மெல்ல மெல்ல மீண்டும் தென்பட்டன. கடல் சூடேறிய 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் நம் தெற்குத் தீவுகளில் பவளங்கள் வெளுத்தபோது, அவற்றோடு கடல் சாமந்திகளும் வெளுத்தன. உள்ளே குடியிருந்து உணவு தரும் பாசியை வெப்பம் விரட்டிவிடுகிறது. வெட்டுக்கு மருந்து அதன் உடம்பில் இருக்கிறது, கெட்ட நீருக்கு அதன் உடம்பில் மருந்து இல்லை.

வீட்டில் கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அய்ப்டேசியா என்ற சிறு சாமந்தி கல்லோடு ஒட்டி வந்துவிடும். அது நகரும்போதே தன் அடியிலிருந்து துணுக்குகளை விட்டுச் செல்லும், ஒவ்வொன்றும் ஒரு புதிய சாமந்தி ஆகும். கத்தியால் சுரண்டினால் தீர்ந்தது என்று எண்ணாதீர்கள். என் மாணவர் ஒருவர் அப்படிச் சுரண்டி, ஒன்றைப் பதினைந்தாக்கிவிட்டு என்னிடம் வந்து முறையிட்டார். பாடத்தை ஒழுங்காகக் கேட்டிருந்தால் அந்தத் தொல்லை வந்திருக்காது!

சென்ற விடுமுறையில் அண்ணனை செக் ஜாவாவுக்கு அழைத்துச் சென்றேன். மெத்தென்ற காலணி, கைத்தடி, மரப்பாதை, மெதுவான நடை. நீர் வற்றியிருந்தது. கீழே மணலில் ஒரு கம்பளச் சாமந்தி விரிந்து கிடந்தது. அண்ணன் தடியைக் கீழே நீட்டப் போனார். “குத்தாதீங்க அண்ணே” என்றேன். “குத்தினாத்தான் என்ன, அதுக்கு முளைச்சிருமே” என்றார். ஆனாலும் தடியை எடுத்துக்கொண்டார்.